17ஆம் வினா யாருக்குக் கடினம்? சார்புள்ள வினாவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் செய்முறை

வினாத்தாளில் 40 வினாக்கள். ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், நான்கு விடைத் தெரிவுகள். எழுதியவர்கள் 1000 பேர். அதில் 600 பேர் ஒரு குழு, 400 பேர் இன்னொரு குழு. 17ஆம் வினாவுக்கு முதல் குழுவில் 61.5 சதவீதம் பேர் சரியான விடை தந்திருக்கிறார்கள். இரண்டாம் குழுவில் 41.75 சதவீதம் பேர்தான். இடைவெளி 19.75 புள்ளி. (இது செய்முறையை விளக்குவதற்காக அமைத்த தரவு. கீழே வரும் கணக்கு முழுவதையும் ஒரு கால்குலேட்டரில் சரிபார்த்துவிடலாம்.)

இந்த இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டு வினாவுக்குச் சார்பு, அதாவது ஒரு குழுவுக்கு எதிரான ஓரவஞ்சனை, இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு குழுக்களும் பாடத்தைக் கற்ற அளவே வேறாக இருந்தால், குறையே இல்லாத வினாவிலும் இடைவெளி வரும். நமக்குத் தேவையான கேள்வி வேறு: பாடத்தில் ஒரே தேர்ச்சியுள்ள இருவரில், குழு மாறியதால் மட்டும் ஒருவருக்கு இந்த வினா கடினமாகிறதா? இதற்கு அளவீட்டுத் துறையில் வேறுபட்ட வினாச் செயல்பாடு என்று பெயர். பேச்சில் 'டிஃப்' என்றே சொல்கிறார்கள்; இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

வெறும் சதவீத இடைவெளியை விதியாக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், காப்பீட்டு முகவர் உரிமத் தேர்வு தொடர்பாக கோல்டன் ரூல் என்ற காப்பீட்டு நிறுவனம் தொடுத்த வழக்கு 1984இல் உடன்பாட்டில் முடிந்தது. கறுப்பின, வெள்ளையினத் தேர்வர்களின் சரிவிடைச் சதவீதங்களுக்கு இடையே 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இல்லாத வினாக்களுக்கு முன்னுரிமை தருவது அந்த உடன்பாட்டின் ஒரு பகுதி. தேர்வை உருவாக்கிய இ.டி.எஸ். அமைப்பின் தலைவர் கிரெகரி ஆன்ரிக், அதை ஏற்றது தவறு என்று 1987இல் வெளிப்படையாகவே சொன்னார். காரணம் எளிது. படித்தவரையும் படிக்காதவரையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் வினாவில்தான் குழு இடைவெளியும் பெரிதாகத் தெரியும். அந்த விதியைப் பிடித்துக்கொண்டால் தாளின் மிகச் சிறந்த வினாக்கள் முதலில் வெளியேறும். உண்மையிலேயே சார்புள்ள, ஆனால் இடைவெளி 12 புள்ளியில் நிற்கும் வினா உள்ளேயே இருக்கும்.

கணக்குக்கு முன் தரவு

ஒரு வரிசைக்கு ஒரு தேர்வர், ஒரு பத்திக்கு ஒரு வினா. சரி என்றால் 1, தவறு என்றால் 0. அவர் தேர்ந்தெடுத்த விடை எழுத்தையும் தனித்தாளில் பத்திரமாக வைத்திருங்கள். கடைசியில் காரணம் தேடும்போது அது இல்லாமல் நகர முடியாது. 1, 0 மட்டும் வைத்துக்கொண்டு மூல விடைகளை அழித்துவிட்ட கோப்பு பாதி உதவிதான் செய்யும்.

காலியாக விட்ட விடைகளை ஒரே மாதிரி நடத்தக் கூடாது. நடுவில் ஒரு வினாவைத் தாண்டிச் சென்றிருந்தால் அது 0. கடைசியாக விடையளித்த வினாவுக்குப் பிறகு வரிசையாக எல்லாமே காலி என்றால், அந்தத் தேர்வர் அங்கே வந்துசேரவே இல்லை. அந்த வினாக்களின் ஆய்வில் அவரைச் சேர்க்க வேண்டாம். இதைக் கவனிக்காவிட்டால், மெதுவாக வாசிக்கும் குழுவுக்கு எதிராக 36 முதல் 40 வரையிலான வினாக்கள் கூட்டமாகக் கொடி (ஆராய வேண்டியது என்ற குறி) காட்டும். பழுது வினாக்களில் இருக்காது, நேர ஒதுக்கீட்டில் இருக்கும். கொடிகள் தாளின் கடைசியில் குவிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்து, விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். ஒவ்வொரு வினாவுக்கும், அந்த வினா நீங்கலான மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவை (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவை) கணக்கிட வேண்டும். எதிர்க்குறி வந்தால் பெரும்பாலும் விடைக்குறிப்பு தவறு, அல்லது வினாவுக்கு இரண்டு சரியான விடைகள் உண்டு. அதைத் திருத்தாமல் டிஃப் ஆய்வுக்குள் போனால், ஒப்பிடப் பயன்படும் மதிப்பெண்ணிலேயே அழுக்கு கலந்துவிடும்.

எத்தனை பேர் வேண்டும்? சிறிய குழுவில் குறைந்தது 200 பேர், மொத்தம் 500 பேர் என்பது நடைமுறையில் கையாளப்படும் கீழ்வரம்பு. அதற்குக் கீழே போனால் என்ன நேர்கிறது என்பதை இதே 17ஆம் வினாவில் பின்னால் பார்க்கலாம்.

யாரை யாரோடு ஒப்பிடுவது

டிஃப் ஆய்வில் பெரும்பாலான தவறு வாய்பாட்டில் நடப்பதில்லை, ஒப்பீட்டு மதிப்பெண்ணில்தான் நடக்கிறது. ஒரே தேர்ச்சியுள்ளவர்கள் என்று நாம் பிடிப்பது உண்மையில் ஒரே மொத்த மதிப்பெண் பெற்றவர்களை. அந்த மதிப்பெண் எவ்வளவு நம்பத்தக்கதோ அவ்வளவுதான் முடிவும்.

600 பேர் உள்ள குழுவை அடிப்படைக் குழு என்றும், பாதிக்கப்படுகிறதா என்று நாம் பார்க்கும் 400 பேரைக் கவனக் குழு என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணை ஐந்து அடுக்குகளாகப் பிரித்தால் 17ஆம் வினா இப்படி அமைகிறது:

| மதிப்பெண் அடுக்கு | அடிப்படை: சரி | அடிப்படை: தவறு | கவனம்: சரி | கவனம்: தவறு |
|---|---|---|---|---|
| 0–12 | 15 | 45 | 15 | 75 |
| 13–19 | 48 | 72 | 33 | 77 |
| 20–26 | 108 | 72 | 48 | 52 |
| 27–33 | 117 | 33 | 46 | 24 |
| 34–40 | 81 | 9 | 25 | 5 |

முதலில் ஒரு எளிய பரிசோதனை. கவனக் குழுவினர் ஒவ்வொரு அடுக்கிலும் அடிப்படைக் குழுவின் அதே விகிதத்தில் சரியாக விடையளித்திருந்தால் எத்தனை பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள்? அடிப்படைக் குழுவின் விகிதங்கள் மேலிருந்து 0.25, 0.40, 0.60, 0.78, 0.90. கவனக் குழுவின் ஆட்கள் 90, 110, 100, 70, 30. பெருக்கிக் கூட்டினால் 208.1 பேர், அதாவது 52 சதவீதம். வினாவில் குறையே இல்லாதிருந்தாலும் 61.5க்கும் 52க்கும் இடையிலான சுமார் 9.5 புள்ளி இடைவெளி இருந்தே தீரும் என்று பொருள். உண்மையில் சரியாகச் சொன்னவர்கள் 167 பேர். 167இலிருந்து 208.1ஐக் கழித்து 400ஆல் வகுத்தால் −0.103. 19.75 புள்ளியில் ஏறக்குறைய பாதி தேர்ச்சி வித்தியாசம். மீதிப் பாதிக்கு வினாதான் பதில் சொல்ல வேண்டும்.

டோரன்ஸும் குலிக்கும் 1986இல் முன்வைத்த தரப்படுத்தல் முறை இதுவே. 0.05க்குள் இருந்தால் விட்டுவிடலாம்; 0.05 முதல் 0.10 வரை என்றால் வினாவை ஒருமுறை வாசிக்க வேண்டும், 0.10ஐத் தாண்டினால் கட்டாயம் உட்கார்ந்து ஆராய வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு விளக்குவதற்கு இதைவிட நல்ல எண் இல்லை. கணிதப் பின்னணி இல்லாத வினா ஆசிரியருக்கும் '100 பேரில் 10 பேர் கூடுதலாகத் தவறவிட்டிருக்கிறார்கள்' என்றால் உடனே புரியும்.

மேன்டல்–ஹேன்செல் கணக்கு

நேதன் மேன்டலும் வில்லியம் ஹேன்செலும் 1959இல் நோய்க்காரண ஆய்வுக்காகக் கொடுத்த முறை இது. ஹாலண்டும் தேயரும் 1988இல் இதை வினா ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு பெருக்கல்கள்: அடிப்படை சரி × கவனம் தவறு ÷ அடுக்கின் மொத்தம், அடிப்படை தவறு × கவனம் சரி ÷ அடுக்கின் மொத்தம்.

முதல் வகை: 7.50, 16.07, 20.06, 12.76, 3.38. கூட்டினால் 59.77. இரண்டாவது வகை: 4.50, 10.33, 12.34, 6.90, 1.88. கூட்டினால் 35.95. முதலதை இரண்டாவதால் வகுத்தால் ஆல்ஃபா 1.66. ஒரே அடுக்கில் உள்ளவர்களில் சரி–தவறு வாய்ப்பு விகிதம் அடிப்படைக் குழுவுக்கு 1.66 மடங்கு என்று பொருள். இரு குழுவும் சமம் என்றால் இது 1 ஆக இருக்கும்.

இதன் இயல்மடக்கை 0.508. அதை −2.35ஆல் பெருக்கினால் −1.19. வினாவின் கடினத்தை அளக்க இ.டி.எஸ். பயன்படுத்தும் டெல்டா அளவுகோலில் இதுதான் டிஃப் மதிப்பு. எதிர்க்குறி என்றால் கவனக் குழுவுக்குக் கடினம். குறியைத் தலைகீழாக வாசிப்பது அடிக்கடி நேரும் பிழை. மென்பொருளுக்கு எந்தக் குழு கவனக் குழு என்று சொல்லியிருக்கிறோம் என்பதை, விடை தெரிந்த ஒரு சிறு அட்டவணையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. மேலே உள்ள அட்டவணையே அதற்குப் போதும்.

இந்த வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனைக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் அடிப்படைக் குழுவில் எதிர்பார்க்கும் சரிவிடைகளைக் கூட்ட வேண்டும்: 12 + 42.26 + 100.29 + 111.14 + 79.50 = 345.18. கண்டது 369. வித்தியாசம் 23.82. மாறுபாட்டின் கூட்டுத்தொகை 46.41. தொடர்ச்சித் திருத்தமாக 0.5 கழித்து வர்க்கப்படுத்தி வகுத்தால் 11.7. ஒரு கட்டின்மைப் படிக்கு (சோதிக்கப்படுவது ஒரே ஒரு வேறுபாடு என்பதால்) 5 சதவீத நிலையின் வரம்பு, அதாவது தற்செயலாக 100இல் 5 முறை மட்டுமே தாண்டும் எல்லை, 3.84. ஆகவே இது தற்செயல் அல்ல.

வகைப்படுத்தலில் மூன்று நிலைகள் உண்டு. டிஃப் மதிப்பின் அளவு 1க்குக் கீழே, அல்லது பூச்சியத்திலிருந்து பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றால் 'ஏ'. அளவு 1.5ஐ எட்டி, 1ஐவிடப் பொருட்படுத்தத்தக்க அளவு பெரிதாகவும் இருந்தால் 'சி'. இடைப்பட்டவை 'பி'. நம் வினா 'பி'. மேலே தரப்படுத்தல் எண் 0.10ஐச் சற்றே தாண்டியது. இரண்டு முறைகளும் எல்லைக்கோட்டில் வேறு வேறு வார்த்தை சொல்வது வழக்கம்தான். அப்படி நேர்ந்தால் கடுமையான பக்கத்தை எடுத்துக்கொண்டு வினாவை வாசிப்பதே சரி என்பது என் கருத்து. வாசிக்க ஆகும் செலவு அரை மணி நேரம். வாசிக்காமல் விட்டால் அந்தச் சுமை தேர்வர் தலையில் விழுகிறது.

இப்போது ஆள் எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம். −1.19க்குத் திட்டப்பிழை (மாதிரியால் மதிப்பு எவ்வளவு ஆடலாம் என்ற அளவு) தோராயமாக 0.34. அதாவது உண்மை மதிப்பு −1.86 முதல் −0.52 வரை எங்கேயும் இருக்கலாம். இதே விகிதங்கள், ஆனால் 1000 பேருக்குப் பதில் 250 பேர் என்று வையுங்கள். திட்டப்பிழை இரட்டிப்பாகி 0.68 ஆகிறது. 1.19ஐ 0.68ஆல் வகுத்தால் 1.75, 5 சதவீத நிலைக்கு வேண்டிய 1.96ஐ எட்டவில்லை. உடனே வினா 'ஏ' வகைக்குப் போய்விடுகிறது! வினாவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சிறிய தரவில் 'ஏ' என்று வந்தால் 'குறை இல்லை' என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது. 'தெரியவில்லை' என்பதுதான் உண்மையான பதில். சிறு எண்ணிக்கையில் இருக்கும் குழுக்களுக்கு எதிரான சார்பு ஆண்டுக்கணக்காகக் கண்ணில் படாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பல பருவங்களின் தரவைச் சேர்த்து ஆய்வது இதற்கு ஓரளவு மருந்து, வினா மாறாமல் இருந்தால்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 40 வினாக்களை 5 சதவீத நிலையில் சோதித்தால், எல்லாமே நல்ல வினாவாக இருந்தாலும் சுமார் இரண்டு கொடி தற்செயலாக எழும். பல்லாயிரம் பேர் எழுதிய தேர்வில் துளி வித்தியாசம்கூடச் சோதனையைத் தாண்டிவிடும். அதனால்தான் சோதனை முடிவையும் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுக்கின் தடிமனும் சுத்திகரிப்பும்

மேலே ஏழும் அதற்கு மேலும் மதிப்பெண் அகலமுள்ள அடுக்குகளை எடுத்தது கையால் கணக்கிட வசதிக்காக. உண்மை ஆய்வில் இது தடித்த அடுக்கு. 20–26 அடுக்குக்குள்ளேயே அடிப்படைக் குழுவினர் 25 பக்கமும் கவனக் குழுவினர் 21 பக்கமும் ஒதுங்கியிருக்கலாம். அப்போது ஒரே தேர்ச்சி என்ற நிபந்தனை உடைகிறது. தேர்ச்சி வித்தியாசம் டிஃப் வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. இயன்றவரை ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஓர் அடுக்காக வையுங்கள். ஆள் குறைவான இரு ஓரங்களில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஓர் அடுக்கில் ஒரு குழுவினர் மட்டுமே இருந்தால் அந்த அடுக்கு கணக்குக்கு எதுவும் தராது. எத்தனை பேர் இப்படி வீணாகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கவனக் குழுவில் கணிசமான பகுதி இப்படிப் போனால், முடிவு மீதமிருப்பவர்களைப் பற்றியது மட்டுமே.

அடுத்த சிக்கல்: ஒப்பிடும் மதிப்பெண்ணிலேயே சார்புள்ள வினாக்களும் அடங்கியிருக்கின்றன. ஐந்தாறு வினாக்கள் கவனக் குழுவுக்கு எதிராக இருந்தால், அவர்களின் மொத்த மதிப்பெண் தேர்ச்சியைவிடக் குறைவாகக் காட்டும். பிறகு நல்ல வினாக்கள் அவர்களுக்குச் சாதகமானவை போலத் தோன்றும். இதைச் சரிசெய்யச் சுத்திகரிப்பு வேண்டும். முதல் சுற்றில் எல்லா வினாக்களையும் சோதித்து, 'சி' வகையில் விழுந்தவற்றை மொத்தத்திலிருந்து கழித்து, புதிய மொத்தத்தை வைத்து எல்லாவற்றையும் மறுபடி சோதியுங்கள். கழித்தவற்றையும் சேர்த்துத்தான். கொடிப் பட்டியல் மாறாமல் நிற்கும்வரை தொடரலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடும். ஒரு வினா உள்ளே வெளியே என்று ஊசலாடினால் பத்துச் சுற்றோடு நிறுத்தி, அதை எல்லைக்கோட்டு வினா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. சோதனைக்கு உள்ளாகும் வினா, தன் சோதனையின்போது மட்டும், மொத்த மதிப்பெண்ணில் சேர்ந்தே இருக்க வேண்டும், சுத்திகரிப்பில் அது வெளியேற்றப்பட்டிருந்தாலும். தன்னைத்தானே அளக்கக் கூடாது என்று நினைத்துக் கழிப்பது இயல்பு. ஆனால் கழித்தால், குழுக்களின் தேர்ச்சி வேறாக இருக்கும்போது, குறையில்லாத வினாவும் டிஃப் காட்டும். ராஷ் மாதிரி (சரிவிடை வாய்ப்பைத் தேர்ச்சியும் வினாவின் கடினமும் மட்டுமே தீர்மானிக்கின்றன என்ற கணித மாதிரி) பொருந்தும் வினாக்களில், வினாவைச் சேர்த்த மொத்தத்தை வைத்தால்தான் ஆல்ஃபா சரியாக 1க்கு வருகிறது என்பதை ஹாலண்டும் தேயரும் காட்டியிருக்கிறார்கள்.

சுத்திகரிப்பாலும் தீராத ஒன்று இருக்கிறது. தாளில் உள்ள எல்லா வினாக்களும் ஒரே அளவில் ஒரே குழுவுக்கு எதிராக இருந்தால் இந்த முறை எதையுமே காட்டாது. டிஃப் மதிப்புகள் மற்ற வினாக்களோடு ஒப்பிட்டுப் பெறப்படுபவை. கூட்டிப் பார்த்தால் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வினாக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடி எழுந்தால் ஒவ்வொன்றாக வினாக்களைத் திருத்த ஆரம்பிக்காமல், இந்த மொத்த மதிப்பெண் இரு குழுவுக்கும் ஒரே பொருளைத் தருகிறதா என்ற கேள்விக்குத் திரும்ப வேண்டும்.

குறுகிய தேர்வுகளில் இன்னொரு தொல்லை. 10 வினாத் தாளின் மொத்த மதிப்பெண்ணில் அளவீட்டுப் பிழை மிகுதி. குழுக்களின் சராசரி வெகுவாக விலகியிருந்தால், நன்றாகப் பிரித்துக் காட்டும் வினாக்கள் குறைந்த சராசரிக் குழுவுக்கு எதிராகப் பொய்க்கொடி காட்டும். ஷீலியும் ஸ்டவுட்டும் 1993இல் கொடுத்த சிப்டெஸ்ட் முறையில் இந்தப் பிழைக்குத் திருத்தம் உள்ளேயே இருக்கிறது. அதன் பீட்டா மதிப்பு 0.059க்குள் என்றால் புறக்கணிக்கலாம், 0.088ஐத் தொட்டால் பெரியது.

கோடுகள் குறுக்கிடும்போது

மேன்டல்–ஹேன்செல் முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. குறைந்த மதிப்பெண் அடுக்குகளில் வினா ஒரு குழுவுக்கும், உயர்ந்த அடுக்குகளில் மற்றக் குழுவுக்கும் சாதகமாக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஆல்ஃபா 1க்கு அருகில் வந்துவிடும். சுத்தமான வினா போலத் தெரியும். நம் அட்டவணையில் அந்தச் சிக்கல் இல்லை. ஐந்து அடுக்கிலும் கவனக் குழுவே பின்தங்கியிருக்கிறது.

இதைப் பிடிக்க, ஸ்வாமிநாதனும் ரோஜர்ஸும் 1990இல் முன்வைத்த லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கு முறையை (மதிப்பெண்ணிலிருந்து சரிவிடை வாய்ப்பைக் கணிக்கும் முறை) சேர்த்தே ஓட்டுங்கள். மூன்று மாதிரிகள்: மொத்த மதிப்பெண் மட்டும், அதோடு குழு, அதோடு மதிப்பெண்–குழு பெருக்கல். முதலாவதும் மூன்றாவதும் பொருந்தும் அளவின் வித்தியாசம் இரண்டு கட்டின்மைப் படிக்கு 5.99ஐத் தாண்டினால் டிஃப் உண்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான வித்தியாசம் 3.84ஐத் தாண்டினால் கோடுகளின் சாய்வே வேறு. பெருக்கல் பத்தியை உருவாக்குமுன் மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்துவிடுங்கள். சோதனை முடிவு மாறாது, ஆனால் குழுக் குணகம் வாசிக்கத்தக்கதாக இருக்கும். கழிக்காவிட்டால் அது மதிப்பெண் 0 பெற்றவரைப் பற்றிப் பேசும்.

அளவுக்கு நாகல்கர்கே ஆர்-வர்க்க உயர்வை (குழுவைச் சேர்த்ததால் மாதிரி எவ்வளவு கூடுதலாக விளக்குகிறது என்பதை) பார்க்கிறோம். இதற்கு இரண்டு வரம்புகள் புழக்கத்தில் உள்ளன. நடுத்தர டிஃப், பெரிய டிஃப் தொடங்கும் இடமாக ஸும்போ–தாமஸ் வரம்பு 0.13, 0.26. ஜோடோயின்–கியர்ல் வரம்பு 0.035, 0.070. முதலாவதை வைத்தால் ஏறக்குறைய எந்த வினாவும் சிக்காது. இரண்டாவதையே வையுங்கள். எதை வைத்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுவதும் அவசியம், வரம்பை மாற்றினாலே கொடிகளின் எண்ணிக்கை மாறிவிடுகிறது.

97 சதவீதம் பேர் சரியாகச் சொன்ன எளிய வினாவில் இந்த மாதிரியின் கணக்கு ஒரு விடையில் நிலைகொள்ளாமல் போகலாம். திட்டப்பிழை அபத்தமான அளவுக்குப் பெரிதாக நிற்பது அதன் அடையாளம். அந்த வினாவுக்கு இந்த முடிவை விட்டுவிடுங்கள். புள்ளியியல் கணக்குக்கான ஆர் நிரல்மொழியின் டிஃப்ஆர் தொகுப்பில் மேற்சொன்ன முறைகள் எல்லாம் இருக்கின்றன, சுத்திகரிப்பும் உண்டு.

கொடி எழுந்த வினாவை வாசிப்பது

எண்கள் கொடியை மட்டும்தான் ஏற்றும். காரணம் வினாவின் சொற்களில் இருக்கிறது. அதைத் தேட முதலில் பயன்படுவது தவறான விடைகளின் பங்கீடு. 20–26, 27–33 என்ற நடு அடுக்குகளை எடுத்துக்கொண்டு, தவறவிட்டவர்கள் எந்தத் தெரிவுக்குப் போனார்கள் என்று இரு குழுவுக்கும் தனித்தனியே எண்ணுங்கள். கவனக் குழுவின் தவறுகள் மூன்று தெரிவுகளிலும் பரவியிருந்தால் அவர்கள் ஊகித்திருக்கிறார்கள். வினாவில் ஏதோ ஒரு சொல்லோ சூழலோ புரியவில்லை. எல்லாத் தவறும் ஒரே தெரிவில் குவிந்தால், அந்தத் தெரிவு அவர்களுக்கு வேறொரு நியாயமான பொருளில் சரியாகத் தெரிகிறது. காலிவிடைகள் அதிகம் என்றால் வாசிப்புச் சுமையைப் பாருங்கள்.

வினாவை வாசிப்பவர்களில் கவனக் குழுவின் பின்னணி உள்ளவர் ஒருவராவது இருக்க வேண்டும். எந்தத் திசையில் டிஃப் என்பதை முதலிலேயே சொல்லிவிடாமல் வாசிக்கச் சொல்வது நல்லது; சொல்லிவிட்டால் எந்த வினாவிலும் யாராவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் ஒருகாலத்தில் வந்த ஓர் ஒப்புமை வினா இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். ஓட்டக்காரருக்கு மாரத்தான் போல, துடுப்பு வலிப்பவருக்கு 'ரெகாட்டா' என்ற படகுப் போட்டி. ஒப்புமை அறியும் திறனை அளக்க வந்த வினா, படகுப் போட்டி பார்த்து வளர்ந்தவரா என்பதையும் சேர்த்து அளந்தது.

டிஃப் இருந்தாலே சார்பு என்றும் முடிவுகட்ட முடியாது. கணிதத் தாளில் வடிவியல் வினாக்கள் மட்டும் ஒரு குழுவுக்குக் கடினமாக இருந்து, வடிவியலும் அந்தத் தேர்வு அளக்க வேண்டிய பகுதியே என்றால், வினாவை நீக்குவது பாடத்தையே நீக்குவதாகும். கேட்க வேண்டியது: இந்தக் கூடுதல் கடினம், நாம் அளக்க விரும்பிய திறனிலிருந்து வருகிறதா, அதற்குத் தொடர்பில்லாத ஒன்றிலிருந்து வருகிறதா? மொழிபெயர்த்த தாள்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒரு மொழியில் அன்றாடச் சொல், மறுமொழியில் அகராதிச் சொல். ஒன்றில் எதிர்மறை தெளிவாக முன்னால் நிற்கும், மற்றதில் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பதிவேட்டில் என்ன எழுதுவது

ஒவ்வொரு கொடிக்கும்: வினாவின் அடையாள எண், குழுக்களின் எண்ணிக்கை, அடுக்கின் அகலம், எத்தனையாவது சுற்றுச் சுத்திகரிப்பு, ஆல்ஃபா, டிஃப் மதிப்பு, திட்டப்பிழை, தரப்படுத்தல் எண், நடு அடுக்குகளின் தவறுப் பங்கீடு, வாசித்தவர்கள் சொன்ன காரணம், எடுத்த முடிவு. காரணம் கிடைக்காவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அப்படிப்பட்டவை பல சேர்ந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில சமயம் ஒரே வகைப் படமோ ஒரே வாக்கிய அமைப்போ கண்ணில் படும்.

மதிப்பெண் அறிவிக்குமுன் கண்டுபிடித்துவிட்டால், காரணமும் தெளிவாக இருந்தால், வினாவை மதிப்பெண்ணிலிருந்து எடுத்துவிட்டு 39க்குக் கணக்கிடலாம். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் தேர்வு என்றால் சமப்படுத்தல் கணக்கையும் (வெவ்வேறு ஆண்டுத் தாள்களின் மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது) மீண்டும் போட வேண்டும். அறிவித்த பிறகு என்றால் வினா வங்கியில் அதைப் பூட்டிவிட வேண்டியதுதான். திருத்தி எழுதிய 17ஆம் வினா புதிய வினா. பழைய கடின அளவோ பழைய ஒட்டுறவோ அதற்குச் செல்லாது. புதிய எண் கொடுத்து, அடுத்த தாளில் மதிப்பெண் சேராத இடத்தில், பழைய வினா இருந்த அதே வரிசைக்குப் பக்கத்தில் வைத்து, கவனக் குழுவில் 200 பேராவது எழுதும்வரை காத்திருந்து, அட்டவணையை மறுபடி முதல் வரியிலிருந்து நிரப்ப வேண்டும்.